வெட்டிய மூச்சு

மொழித்துறைக் கணினிக்கூடத்தில் அவரை மாணவர்கள் நாங்கள் எல்லாரும் 'ஹெட்போன் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருஷமாக அங்கே டெக்னீஷியன். முப்பது கம்ப்யூட்டர், பஞ்சு பிய்ந்த முப்பது ஹெட்போன், கண்ணாடிக் கதவு போட்ட ஒலிப்பதிவு அறை, இவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். பேட்டி எடுத்துக் கொண்டுபோனால் இருமல், 'ம்ம்', நாற்காலிச் சத்தம் எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளிவிடுவார். "மூச்சு பாடம் இல்லம்மா, வெட்டு" என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் அதே குரலில் சொல்லிக்காட்டிச் சிரிப்போம்.

உச்சரிப்புப் பாடத்தில் ஒரு பெண்குரல் உண்டு. அறுநூறு சொற்கள், சொல்லுக்கு ஒரு கோப்பு. அது அண்ணனுடைய மனைவியின் குரல் என்பதும், அண்ணி இறந்து ஒரு வருஷம் ஆகிறது என்பதும் போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. பழைய மெஷின்களை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லித் துறைத்தலைவர் உத்தரவு போட்டிருந்தார். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது அவ குரலே இல்லம்மா. ஒரு சொல்லு படிப்பா, உடனே என்னைக் கிண்டல் பண்ணிச் சிரிப்பா. அதெல்லாம் வெட்டிட்டேன். எங்கயாச்சும் ஒண்ணு தப்பியிருக்கான்னு நீ கேட்டுச் சொல்லு. எனக்குக் காது முன்ன மாதிரி இல்ல."

வெட்டாத மூலப்பதிவு இருக்குமே என்றேன். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அன்றைக்கே அழித்துவிட்டாராம். நாளெல்லாம் மைக்கோடு கிடந்த மனுஷனுக்கு வீட்டில் ஒரு தடவைகூடப் பதிவு செய்யத் தோன்றவில்லை.

மூன்று மதியம் உட்கார்ந்து கேட்டேன். மரம். கதவு. கிணறு. ஆள் போன வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்தது போல அத்தனை சுத்தம். நான் இல்லை என்று தலையாட்ட ஆட்ட, அவர் தாளில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை நானூற்றுப் பதினேழாவது கோப்பு, 'தாழ்ப்பாள்'. சொல் முடிந்த பிறகும் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பப் போட்டேன். மூச்சு! பேச வாயெடுக்கிறவர்கள் இழுப்பார்களே, அந்த மூச்சு. அதோடு கோப்பு முடிந்துவிட்டது. மீதியை அவசர அவசரமாகக் கேட்டேன். வேறெதிலும் எதுவும் இல்லை.

சத்தத்தை முழுசாக ஏற்றி அவர் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். ஐந்து தடவை போட்டும் அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஒலியின் அலைக்கோட்டைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். தட்டையாக ஓடிய கோடு, முடிகிற இடத்தில் எறும்பு அளவுக்குத் தலைதூக்கி, அறுபட்டு நின்றது. அதன்மேல் விரலை வைத்தார்.

"என்னமோ சொல்ல வந்திருக்கா. நாந்தான் விடல."

மெஷினைத் தூக்க ஆள் வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அந்த மூச்சு எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார்.

திரையில் கால் நொடி என்று இருந்தது.

"அரை நொடி இருக்குண்ணே" என்றேன்.