குளத்துக்குள் காணாமல் போன சிவப்பு

அப்பாவும் பெரியப்பாவும் குளக்கரையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

“கட்சி இல்லாத கண்ணு ஒண்ணு இருந்தா கொண்டாரச் சொல்லு, ஒத்துக்கறேன்” என்றார் பெரியப்பா, தென்னை மரத்தைப் பார்த்து. அவரும் அப்பாவும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. மரம், மாடு, நான் என்று எதையாவது நடுவில் நிறுத்திக்கொள்வார்கள்.

கட்சி இல்லாத கண் என்றதும் எனக்கு என் முத்துப்பேட்டைத் தோழியின் நினைவு வந்தது. துபாயிலிருந்து அவளுடைய அண்ணன் கொண்டுவந்த சின்ன கேமரா தண்ணீருக்குள்ளும் படம் எடுக்கும்.

சண்டை ஒரு கல்லைப் பற்றியது. தாத்தா காலத்தில் பாகம் பிரித்தபோது எங்கள் பங்கின் எல்லைக் கற்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள், பெரியப்பா பங்குக்குக் கருப்பு. குளத்தை ஒட்டிய வண்டிப்பாதையின் ஓரத்தில் நின்ற கல், அடைமழையில் கரை சரிந்ததும் நின்ற வாக்கிலேயே தண்ணீருக்குள் போய்விட்டது. அது சிவப்பு என்றால் பாதை எங்களுடையது. கருப்பு என்றால் அவருடையது. அந்தப் பாதை வழியாக வந்தால்தான் அறுவடை மெஷின் எங்கள் வயலில் இறங்க முடியும். சம்பா பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. சர்வேயர் வரும்வரை காத்திருந்தால் நெல் வயலிலேயே கொட்டிவிடும். கல்லை வெளியே எடுத்தால் எடுத்தவன் நகர்த்திவிட்டான் என்று பேச்சு வரும். அதனால் யாரும் தொடக்கூடாது என்று ஊரில் முடிவு. மூழ்கிப் பார்த்தவர்கள் அவரவர் கட்சிக்கு ஏற்ற நிறத்தைச் சொன்னார்கள்.

கட்சி என்றால் நிஜமாகவே கட்சிதான். அப்பாவின் வேட்டியில் கருப்பு சிவப்புக் கரை. பெரியப்பாவின் வேட்டியில் அந்த இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளை. ஆட்சி மாறினால் எங்கள் தெருவில் யார் வாசலில் வெடி வெடிக்கும் என்பது மட்டும் மாறும்.

“உள்ள தண்ணி போச்சுன்னா எங்கண்ணன் உன்னையும் என்னையும் சேத்து வித்துருவான்டி” என்று சொல்லித்தான் தோழி கேமராவைக் கொடுத்தாள். நான் தலையாட்டினேன். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. இயற்பியலில் முதல் மதிப்பெண் வாங்கியவளுக்குக் கேமரா ஒரு பெரிய விஷயமா?

சுடிதாரோடு குளத்தில் குதித்து, கல்லுக்கு ஒரு முழம் எதிரே மூச்சை அடக்கிக்கொண்டு வரிசையாக அழுத்தினேன். மன்னார்குடியில் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக பிரிண்ட் போட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில் குளக்கரையில் கூடியிருந்தவர்களின் நடுவே விரித்தேன்.

கல் பளிச்சென்று தெரிந்தது. பெயின்டும் தெரிந்தது. கருப்பாக.

பெரியப்பா படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இன்னொரு காப்பி கிடைக்குமா, ஃபிரேம் போட வேண்டும் என்று விசாரித்தார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், இவளைப் படிக்க வைத்ததற்கு ஒரு மாடு வாங்கியிருக்கலாம் என்று எழுதியிருந்தது.

அன்று சாயங்காலமே பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். முதலில் படித்திருக்க வேண்டியதைக் கடைசியில் படித்தேன். வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்க இறங்க நிறங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோகும். பாசி படிந்த பச்சைத் தண்ணீரில் சிவப்பு சீக்கிரமே காணாமல் போய்விடும். இருந்த இடம் கருப்பாகத் தெரியும். கேமரா ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் தண்ணீருக்குள்ளேயே வெள்ளையான ஒரு பொருளைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதை ஊரில் விளக்கினேன். குளம் சிவப்பைத் தின்றுவிடும் என்றேன். “அப்ப குளமும் எங்க கட்சிதான்” என்றார் பெரியப்பா. நான் மேலே பேசியது யார் காதிலும் விழவில்லை.

எங்கள் வீட்டில் மிக வெள்ளையான பொருள் அப்பாவின் வேட்டி. அம்மா சொட்டு நீலம் போட்டு அலசினால் வெயிலில் கண் கூசும். கரை தெரியாதபடி மடித்து எடுத்துக்கொண்டு இறங்கி, கல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டினேன். பிறகு படம் எடுத்தேன்.

இந்த முறை கல் சிவப்பு. சேறும் சிவப்பு. என் கை சிவப்பு. குறுக்கே போன கெண்டை மீன் குங்குமத்தில் குளித்தது போல இருந்தது.

பெரியப்பா அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தார். “ஏம்மா, கல்லு மட்டும் இல்ல போலருக்கே. இந்தக் கெண்டையும் உங்கப்பா பங்குதான்.”

ஊரே சிரித்தது. அப்பாவும் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தோழியிடம் போனில் அழுதேன். சொட்டு நீலம் போட்ட வேட்டி வெள்ளையே இல்லை, வெளிர்நீலம். அதைப் போய் வெள்ளை என்று கேமராவுக்குச் சொன்னால், அது நீலத்தைக் கழித்துக் கழித்து மற்றதையெல்லாம் சிவக்க வைத்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. பச்சைத் தண்ணீரும் தன் பங்குக்கு அதைக் குழப்பியிருக்கும். அவள் ஒன்றுதான் கேட்டாள். “படத்துல என்ன நிறம்னு தெரிஞ்ச பொருள் ஒண்ணு பக்கத்துல இருந்தா யாரும் பேச முடியாதுல்லடி?”

ஊரில் அத்தனை பேருக்கும் நிறம் தெரிந்த பொருள், அத்தனை பேரும் சத்தியம் செய்யக்கூடிய கருப்பு, வெள்ளை, சிவப்பு. மூன்றும் பக்கம் பக்கமாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் கரையில் வெள்ளை கிடையாது.

நேற்று காலை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள். நீலம் படாத புது வேட்டி ஒன்று வேண்டும், கரையோடு, என்றேன். கல்லுக்குப் பக்கத்தில் கரையைப் பிடித்து, கரையில் இருக்கும் வெள்ளை வெள்ளையாகவும் சிவப்பு சிவப்பாகவும் வரும்வரை கேமராவைத் திருத்தி, பிறகு கரையையும் கல்லையும் ஒரே படத்தில் எடுக்கப் போகிறேன் என்றேன். வேட்டி அவருடையது என்பதால் நான் ஏமாற்றினேன் என்று அவரால் சொல்ல முடியாது.

அவர் தன் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“கரை சிவப்பா வந்து, கல்லு கருப்பாவே இருந்தா?”

“பாதை உங்களுதுதான் பெரியப்பா.”

வாய் முந்திக்கொண்டது. அறுவடை மெஷினுக்கு அப்பா அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. இப்படி ஒரு வாக்குக் கொடுத்திருப்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

பெரியப்பா உள்ளே போய், மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்தார். என்னிடம் தரவில்லை. “நானே இறங்கிப் புடிக்கறேன். நீ கரை நல்லாத் தெரியற மாதிரி எடு.”

நாளை மதியம், வெயில் குளத்தின் மேல் நேராக விழும் நேரத்துக்கு இறங்குகிறோம். அதற்குமுன் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். நடுவில் நிறுத்திக்கொள்ள மாடு ஒன்று கிடைத்தால் தேவலை.