பொய் ரேட்டு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே உள்ள பிரௌசிங் சென்டரில்தான் அவரைப் பார்த்தேன். படிய வாரிய தலை, நெற்றி நிறைய விபூதி. யார் கையில் துணிப்பை இருந்தாலும் கேட்காமலே அதன் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பார். என் பையையும் தேய்த்தார்.

“நீங்க தெச்சதா? கிரிவலத்துல குடுக்க மஞ்சப்பை டெண்டர் விட்டிருக்காங்க. நீங்களும் போடுங்கம்மா.”

அவரும் அதே டெண்டர் போடத்தான் வந்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் நாலு மெஷின் வைத்துத் தைக்கிற எனக்கு, டிஜிட்டல் கையெழுத்து வாங்குவது முதல், சிறுதொழில் சான்று இருந்தால் டெபாசிட் கட்ட வேண்டாம் என்பது வரை எல்லாம் அவரே சொல்லிக்கொடுத்தார். போட்டிக்கு நிற்கிறவருக்கு என் மேல் ஏன் இவ்வளவு அக்கறை?

“உங்களுக்கு இதுல என்னங்க லாபம்?”

“ஒருத்தர் மட்டும் போட்டா ரத்து பண்ணிட்டு மறுபடி விடுவாங்கம்மா. கூட ஒருத்தர் வேணும்.”

அப்படியானால் நான் ஒப்புக்கு ஒரு ஆள். எப்படியும் என் ரேட்டைக் கேட்பார், அதற்குக் கீழே போட்டு ஜெயிப்பார். சொல்வதற்கு ஒரு பொய் ரேட்டைத் தயாராக வைத்திருந்தேன். கடைசிவரை அவர் கேட்கவேயில்லை.

டெண்டர் எனக்கே கிடைத்தது. அவர் ரேட்டு என்னுடையதைவிட ஜாஸ்தி. தோற்ற மனிதர் என் பையை மறுபடி தேய்த்துப் பார்த்து, “தையல் கெட்டி” என்று சிரித்தார்.

“அடுத்த டெண்டருக்கு நான் கூப்ட்டா வரணும், சரிங்களா?”

சரி என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அவர் கூப்பிடவில்லை. அப்படியானால் அவருக்கு இதில் என்னதான் லாபம்? அதுதான் எனக்கு இடிக்கிறது.