கொடும்பாவிக்கு என் பேன்ட்

ரேடியோ அலை காற்றில் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. மீடியம் வேவ் தரையை ஒட்டிக்கொண்டும் போகும். மண் ஈரமாக இருந்தால் வெகுதூரம் ஓடும். காய்ந்து கிடந்தால் கொஞ்ச தூரத்திலேயே மண் அதைக் குடித்துவிடும். இந்த ஒரு சமாச்சாரத்தால் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

எழுபதுகளின் தொடக்கம். புது ரேடியோ ஸ்டேஷனுக்கு இடம் பார்க்கும் வேலை எனக்கு. கம்பைநல்லூருக்கு வெளியே இரும்புக் கம்பம் நட்டு, அடியில் சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்துவிட்டு, நானும் ஜீப் டிரைவரும் மீட்டரோடு ஊர் ஊராகப் போய் அலையின் பலத்தை அளந்தோம். எங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்று மெட்ராஸில் இருந்த என் மேலதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மண்ணின் ஈரத்துக்கான எண்ணை மட்டும் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். அந்தச் சீமையில் தினமும் மழை கொட்டுமோ என்னவோ. எங்கள் பக்கம் ஆடு நக்கக்கூடத் தண்ணீர் இல்லை. அவர் சொன்னதில் பாதியைக்கூட என் மீட்டர் காட்டவில்லை. மீட்டர் கோளாறு, திரும்ப அள, கணக்கு ஒத்துவரும்வரை லீவு கிடையாது என்று தந்தி வந்தது. மாரண்டஹள்ளியில் என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாகிவிட்டது. மாப்பிள்ளையான நான் இங்கே வேலமரத்தடியில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்குக் களி கிண்டிப் போட்ட உள்ளூர் அக்காவுக்கு வேறு கணக்கு. கம்பம்தான் மேகத்தை விரட்டுகிறது என்றாள். கம்பம் வருவதற்கு முன்னால் மட்டும் என்ன கொட்டியது என்று கேட்டேன். வரப்போவது மேகத்துக்குத் தெரிந்திருக்கும் என்றாள்.

கடைசியில் ஊர் கூடிக் கொடும்பாவி இழுப்பது என்று முடிவானது. வைக்கோலில் பெரிய பாவி ஒருத்தனைக் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்துக் கொளுத்தினால் மழை வரும். நானே என் பழைய பேன்ட்டையும் உடைந்த ஹெட்போனையும் பாவிக்குக் கொடுத்தேன். மழை பெய்தால் அவர்களுக்குக் கேழ்வரகு, எனக்குப் பெண்டாட்டி.

பாவி கடைத்தெருவுக்கு வந்த நேரம் பார்த்து, மீட்டரைச் சோதிக்க மேலதிகாரியே வந்து இறங்கினார். யார் செத்தது என்று கேட்டார்.

"மழைய வெரட்டுன பாவிங்க சார். நீங்களும் ரெண்டு சொட்டு அழுவுங்க" என்றாள் அக்கா.

அவர் முறைத்துவிட்டு, அப்படி என்ன வறட்சி என்று சாலையோரக் கேழ்வரகுக் கொல்லையில் இறங்கி ஒரு பிடி மண் அள்ளினார். அது மாவாகப் பறந்து மூக்கில் ஏறியது. தும்மித் தும்மிக் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். பெரிய ஆபீசரே அழுதுவிட்டார் என்று பெண்களுக்கு ஏகத் திருப்தி.

கண்ணைத் துடைத்துக்கொண்டவர் வேலமரத்தடியில் உட்கார்ந்து, ஈரமண்ணுக்கான எண்ணை அடித்துவிட்டு வறண்ட மண்ணுக்கானதை எழுதிக் கணக்கை மறுபடி போட்டார். மீட்டரோடு அச்சாகப் பொருந்தியது. உடனே என் லீவு லெட்டரில் கையெழுத்து. பாவியைக் கொளுத்தியும் மழை மட்டும் வரவில்லை.

நான் பஸ் ஏறும்போது அக்கா ஓடி வந்து என் கையில் பச்சரிசியைத் திணித்தாள். பச்சரிசி தின்றவன் கல்யாணத்தில் மழை பெய்யும் என்பார்கள்.

"தின்னுகிட்டே போங்க சார். உங்க கல்யாணத்துலயாச்சும் பேயட்டுங்க. அங்க பேஞ்சா இங்கயும் ஒரு தூறல் வராமயா போயிரும்?"

தாடை வலிக்க வழியெல்லாம் மென்றேன். கல்யாணத்தன்று வெயில் பொசுக்கியது. மேகமே இல்லை, கொடுத்துவைத்த மாப்பிள்ளை என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அழுகையாக வந்தது.