வேலூர் – ஆரணி – தெள்ளார்: காரில் வந்த ‘ஊய்ங்’ சத்தம்

தை மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை தெள்ளாரில் எங்கள் குலதெய்வம் அம்மனுக்குப் பட்டுப்புடவை சாற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். புடவையை ஆரணி பக்கம் முள்ளிப்பட்டில் நெய்யக் கொடுத்திருந்தோம். வேலூரிலிருந்து காலையில் கிளம்பி, புடவையை வாங்கிக்கொண்டு, மாலை ஆறு மணி அபிஷேகத்துக்குள் தெள்ளார் சேர வேண்டும். மொத்தம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும்.

எங்கள் பெட்ரோல் காருக்குப் பதினோரு வயது. என் வீட்டுக்காரருக்கு ஓட்ட வராது. நாற்பத்து நாலு வயதில் நான்தான் கற்றுக்கொண்டேன். வண்டியில் ‘ஊய்ங்’ என்று ஒரு சத்தம் வருகிறது, கியர்பாக்ஸ் போய்விட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று கொழுந்தனார் சேகர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி ஒரு புரோக்கரிடமும் சொல்லிவிட்டார். கார் போனால் கோயிலுக்கோ மருத்துவமனைக்கோ யாராவது கூட்டிப்போக மாட்டார்களா என்று நான் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். கோயிலுக்குக் கிளம்பிய அன்று கொழுந்தனாரும் என்னோடு வந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தத்தை அதுவரை நான் கேட்டதே இல்லை. வண்டியை எடுத்ததும் சாமி பாட்டு போட்டுவிடுவேன். அன்று பென் டிரைவை வீட்டில் மறந்துவிட்டேன். 8.15க்குக் கிளம்பினோம். கணியம்பாடி தாண்டியதும் காதில் விழுந்தது.

“கேக்குதா அண்ணி? நான் சொன்னா கேக்கமாட்டேன்னீங்க.”

கேட்டது. உடனே சோதித்துப் பார்த்தேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினேன். வேகம் அதேதான், சத்தம் மட்டும் கூடியது. அப்படியானால் சக்கரத்தில் இல்லை; சக்கரம் என்றால் வண்டியின் வேகத்தோடுதான் மாறும். கண்ணமங்கலத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். நின்ற இடத்திலேயே ‘ஊய்ங்’. கிளட்சை அழுத்தியும் விட்டும் பார்த்தேன், மாற்றமில்லை. ஏசி போட்டு இன்ஜின் பெல்ட்டுக்குச் சுமை ஏறியதும் இன்னும் கனத்தது.

“கியர்பாக்ஸா இருந்தா கிளட்ச் மிதிச்சா மாறணுமே தம்பி?”

“யூடியூப்ல பாத்துட்டு டாக்டர் ஆயிட்டீங்க. டீய குடிங்க, ஆறிப் போவுது.”

டீ இரண்டு, இருபத்து நாலு ரூபாய்.

முள்ளிப்பட்டு வந்தபோது மணி 9.50. எங்கள் புடவையை நெய்த ஏழுமலையின் மனைவி கஸ்தூரி வாசலுக்கு வந்தார். வீட்டில் நூல் சுற்றும் மோட்டாரோடு நாள் முழுவதும் இருப்பவர். நான் இன்ஜினை நிறுத்துவதற்குள், “நிறுத்தாதக்கா” என்றார்.

“இது பேரிங்கு அழுவுற சத்தம். எங்க மோட்டாரு போன மாசம் இப்டிதான் அழுதுகினு கெடந்துச்சி. பானட்ட தெற.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு முழ நீளக் கட்டையை எடுத்து வந்தார். ஒரு முனையைக் காதோரம் வைத்து, மறுமுனையால் சுற்றாத இடங்களாகப் பார்த்துத் தொட்டார். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மேல் வைத்து உதட்டைப் பிதுக்கினார். பெல்ட்டைத் தாங்கும் சின்ன உருளையின் நடு போல்ட்டில் வைத்ததும் தலையை இழுத்துக்கொண்டார்.

“இதான். நீயே கேளு.”

கேட்டேன். கட்டை வழியாக மாவு மில்லே காதுக்குள் ஓடியது. கொழுந்தனாரும் குனிந்து கேட்டார்.

“பேரிங்குல நம்பர் போட்டிருப்பான்க்கா. நம்பர் ஒண்ணா இருந்தா போதும், தறிக்கு என்னா, காருக்கு என்னா” என்று சொல்லிப் புடவையை மடித்துக் கொடுத்தார். அரக்கு நிறம், பச்சைக் கரை.

ஆரணியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெல்ட்டைக் கழற்றிப் பத்து நொடி இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. உருளையைக் கையால் சுற்றியபோது மணல் போட்டது போல நறநறத்தது.

“உருளை செட்டாதான் மாத்தணும்மா. வேலூர்லேந்து நாளைக்குதான் வரும்” என்றார் மெக்கானிக்.

“உள்ள இருக்கற பேரிங்குல நம்பர் பாருங்களேன்” என்றேன்.

துடைத்துப் பார்த்தார். 6203. கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடையில், தறி மோட்டாருக்கு விற்கும் அதே நம்பர் இருந்தது. “கார் இன்ஜின் சூட்டுக்குத் தாங்கறதா, ரெண்டு பக்கமும் ரப்பர் மூடினதா வாங்கிகினு வாங்க” என்று மெக்கானிக் சொல்லி அனுப்பியிருந்தார். விலை 220 ரூபாய். பழையதைத் தட்டி எடுத்துப் புதியதை அழுத்திப் பொருத்தக் கூலி 350. ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. அங்கேயே சாப்பிட்டுவிட்டு, இரண்டரைக்குக் கிளம்பி, வந்தவாசி வழியாக 4.20க்குத் தெள்ளார் சேர்ந்தோம். அபிஷேகம் முடிந்து அந்தப் புடவையில் அம்மனைப் பார்த்தபோது, வேண்டிக்கொள்ள எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: முள்ளிப்பட்டில் புடவை வாங்குவதானால் முதல் நாளே போன் செய்துவிட்டுப் போங்கள். மாலை பூஜைக்கு இரண்டு மணி நேரம் உபரியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வண்டியில் சத்தம் வந்தால் யாரிடமும் காட்டும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்: நின்றாலும் வருகிறதா, கியர் மாற்றினால் மாறுகிறதா, கிளட்சுக்கு மாறுகிறதா, ஏசிக்கு ஏறுகிறதா. முதல் பத்து நிமிடம் பாட்டு வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது. இன்ஜின் ஓடும்போது முந்தானை, பின்னல், கை எதுவும் பெல்ட் பக்கம் போகவே கூடாது. கஸ்தூரிக்குப் பழக்கம் உண்டு, நமக்குக் கிடையாது.

அன்று ஆரணியிலிருந்து வந்தவாசி வரை கொழுந்தனார் முன் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தார். ஊருக்குள் வேகத்தடையில் விழித்தவர், போனை எடுத்து அந்தப் புரோக்கரைக் கூப்பிட்டார்.

“சார், ஞாயித்துக்கெழம வராதீங்க... இல்ல இல்ல, வெல பிரச்சன இல்ல. அது எங்க அண்ணி வண்டி சார். அவங்க குடுக்கமாட்டாங்க.”