டேங்க் மேல் ஐஸ் பெட்டி

ரத்த மாதிரி சுமக்கிற வேலையில் நோயாளிக்கு முன்பே கொதித்துப் போகிறவன் சுமக்கிறவன்தான். விக்கிரமசிங்கபுரத்தில் தொடங்கி, வழியில் உள்ள சின்னச் சின்ன லேப்களில் ரத்தக் குழாய்களை வாங்கி ஐஸ் பெட்டியில் அடுக்கி, மதியம் ஒரு மணிக்குள் வண்ணார்பேட்டையில் இருக்கும் பெரிய லேபில் சேர்க்க வேண்டும். வாகனம், என்னுடைய பழைய பைக். உங்களில் பைக் ஓட்டுகிறவர்கள் வலது கால் பேண்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். கெண்டைக்காலில் சைலன்சர் வைத்த தழும்பு இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான், மேலே படிக்கலாம்.

முன்னாலா, பின்னாலா

ஆரம்பத்தில் பெட்டியை எல்லாரையும் போலப் பின்னால் கேரியரில்தான் கட்டினேன். நம் சாலைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி துள்ளும், உள்ளே குழாய்கள் குலுங்கும். பெரிய லேபில் மாதிரிகளைச் சரிபார்த்து வாங்குகிறவர் மகேஸ்வரி மேடம். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மேலே தெளிந்து நிற்கும் நீர் மஞ்சளாக இருந்தால் நல்லது. சிவந்திருந்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம், நோயாளிக்கு மறுபடியும் ஊசி. ஒரே வாரத்தில் மூன்று குழாய்களைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க ரத்தம் கொண்டாரியளா அண்ணே, மோர் கடையுதியளா?"

மெக்கானிக் சொன்ன ஜோசியம்

ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே பெட்டியை முன்னால் டேங்க் மேல் வைத்து, இரண்டு தொடையாலும் அணைத்துக்கொண்டு ஓட்டினேன். குலுக்கல் நின்றது. மேடம் ஒரு மாதம் ஒரு குழாயைக்கூடத் தள்ளி வைக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்திரை பிறந்தது. வெயில் மேலே இருந்து, இன்ஜின் கீழே இருந்து. வீரவநல்லூர் தாண்டும்போது டேங்க்கில் கை வைக்க முடியாது. பெட்டிக்குள் ஐஸ் இருந்த இடத்தில் தண்ணீர் தளும்பியது. போதாக்குறைக்கு வண்டி புகைந்தது.

மெக்கானிக் இசக்கி அண்ணாச்சி இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, ஆயிலை வண்டியே குடிக்கிறது, அதனால்தான் இந்தச் சூடு என்றார். இரண்டு நாள் வண்டியைத் தன்னிடம் விடச் சொன்னார். இரண்டு நாள் விட்டால் என் இடத்தில் வேறொருவன் இருப்பான். தினமும் காலையில் ஆயில் அளவைப் பார்த்து ஊற்றிக்கொள்கிறேன் என்று சமாளித்தேன். எப்போது நின்றுபோகும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"அத எங்கிட்ட கேக்காதேயும் வே. அது எங்கிட்டயும் சொல்லாது."

ஈரத்துணி வைத்தியம்

சூடான இன்ஜினைக் கண்டால் நம் ஊரில் எல்லாரும் டாக்டர். விக்கிரமசிங்கபுரம் டீக்கடையில் ஒரு நாள் லேபுக்குப் போய்த் திரும்பிய வண்டியை ஆறவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பைய எழுந்து போனார். ஒரு குடம் தண்ணீரை அப்படியே இன்ஜின் தலையில் கவிழ்த்தார். உஸ்ஸென்று ஆவி எழுந்தது, உள்ளே 'டங்' என்று ஒரு சத்தம். இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடு இருக்குமே, அதில் ஒன்று விரிசல் விட்டுவிட்டது. கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அன்றைக்குக் காசு கொடுக்காமல் படித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை.

"மனுசனுக்குக் காச்சன்னா ஈரத்துணி போடுதோம்லா, அந்த மாதிரிதான் தம்பி."

நான்கு குத்து

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுக்கு நர்ஸோடு போக வேண்டியிருந்தது. அப்பளம் போடுகிற செல்வி என்கிற பெண்ணின் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். சாயங்காலத்துக்குள் ரிசல்ட் தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தையின் கையில் நரம்பே தட்டுப்படவில்லை. வலது கையில் இரண்டு குத்து, இடது கையில் ஒன்று, கடைசியில் பாதத்தில். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டி, சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரைக் குழாய் ரத்தம் கிடைத்தது. மணி பதினொன்றரை. குழாயை நான் பெட்டியில் வைப்பதைச் செல்வி கண் எடுக்காமல் பார்த்தாள்.

"இன்னொரு மட்டம் குத்தணும்னு வந்தியன்னா நா கதவத் தொறக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

பானட் பக்கத்தில் ஒரு இடம்

அன்று காலை ஆயில் பார்க்க மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பார்த்தேன். குறைவாகத்தான் இருந்தது. வழியில் ஊற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். அந்த வீட்டில் போன நேரத்தைப் பிடிக்க வண்டியை விரட்டினேன். சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இழுக்க மறுத்தது. கருகல் வாடை வந்தது. இன்ஜின் ஒரு முனகலோடு இறுகி நின்றது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதிப்பது போல இருந்தது. பெட்டியைத் தூக்கினேன். அடிப்பாகம் சுட்டது. திறந்து பார்த்தால் சுண்டுவிரல் அளவு ஐஸ் மிச்சம். வாய்க்காலில் துணி துவைத்தவர் வாளியோடு ஓடி வந்தார். வேண்டாம் என்று கும்பிட்டேன். அந்த நிமிஷம் வேலையைப் பற்றிய நினைப்பே இல்லை. அந்தப் பாதம்தான் கண்ணுக்குள் நின்றது.

வண்டியை அங்கனயே விட்டுவிட்டுத் திருநெல்வேலி பஸ்ஸைக் கை காட்டி ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்து இரக்கப்பட்டு, டிரைவர் பக்கத்தில் இருக்கும் பானட் மேல் வைக்கச் சொன்னார். பானட் என்றால் பஸ் இன்ஜினின் மூடி. தோசை சுடலாம். ஒரு இன்ஜினிடமிருந்து தப்பி இன்னொரு இன்ஜினிடம் வந்திருக்கிறேன். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்த அம்மாவிடம் கேட்டேன். ஐஸாக உறைந்த பாட்டில். யோசிக்காமல் கொடுத்தார். அதைப் பெட்டிக்குள் சொருகி, பெட்டியை மார்புக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். பத்தமடை தாண்டுவதற்குள் கை மரத்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று டிரைவர் கேட்டார். ஒரு கைக்குழந்தையின் ரத்தம், ஒரு மணிக்குள் சேர வேண்டும் என்றேன். அவர் ஹாரனை ஒரு தடவை நீளமாக அடித்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எறங்குதவங்க எல்லாம் இப்பமே வாசலுக்கு வாங்க. இன்னைக்கு ஸ்டாப்புல ரொம்ப நிக்க மாட்டேன்."

மஞ்சள்

ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது லேப் படியேறினேன். மகேஸ்வரி மேடம் குழாயை மெஷினில் சுற்றவிட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான் மூச்சு விடவில்லை. மஞ்சள். நல்ல மஞ்சள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ரிசல்ட் நான்கு மணிக்கு டாக்டருக்குப் போனது. அன்று இரவே மருந்து ஆரம்பித்தார்கள். நடந்ததையெல்லாம் கேட்ட மேடம், பெட்டியை ஏன் முன்னால் வைத்தேன் என்று விசாரித்தார். மோர் கடைந்த கதையை ஞாபகப்படுத்தினேன். அவர் பெட்டியை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"பின்னால ஒரு தலகாணிய வச்சுக் கட்டியிருந்தா முடிஞ்சு போச்சே அண்ணே."

இறங்கிய காய்ச்சல்

நான்கு நாள் கழித்து பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். என் பைக் இசக்கி அண்ணாச்சியிடம் வயிற்றைத் திறந்து கிடந்தது. லேபில் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, வண்டி வரும்வரை பஸ்ஸில் வா என்றுவிட்டார்கள். என்னைக் கண்டதும் குழந்தை ஓவென்று அழுது அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தது. இந்தத் தடவை சத்தம் தெருமுனை வரை கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். வண்டி பட்ட பாட்டை நர்ஸ் சொல்லிக் கேட்டிருந்த செல்வி கதவை முழுசாகத் திறந்தாள்.

"பிள்ளைக்குக் காச்ச எறங்கிட்டு. ஒங்க வண்டிக்கு எறங்கிட்டா?"

அடுத்த வாரம் அதற்கும் இறங்கியது, இப்போது பெட்டி பின்னால் தலையணை மேல் சொகுசாகப் படுத்து வருகிறது, முன்னால் சூடுபட்டு வருகிற என் ரத்தத்தைத்தான் எந்த லேபும் கேட்கவில்லை.