சிலோன் நத்தை

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்தி வந்தேன். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கணவனைப் பறிகொடுத்த எஸ்தர், மர்பி டவுனில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். அவள் கணவன் கடைசியாக மரத்திலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு நத்தையையும் கூடவே கொண்டுவந்திருந்தாள். அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். எலுமிச்சை அளவில் செம்பழுப்பு ஓடு.

கோடை வந்ததும் அது ஓட்டின் வாயை மெல்லிய சவ்வால் மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"மூணு வாரமா இப்டியே கெடக்குது சார். நல்லாப் பாருங்க, உசுரு இருக்கா?"

வறட்சியில் நத்தைகள் அப்படித் தூங்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். ஈரத்துணியில் ஒருநாள் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் பள்ளி அலமாரிக்கு அந்த ஓடு வேண்டுமென்று ஆசை.

"இல்லம்மா, செத்துப்போச்சு" என்றேன்.

"அப்போ நீங்களே வச்சுக்கங்க சார். எங்கிட்ட இருந்தா பாத்துப் பாத்து அழுவேன்."

ஓட்டைச் சுத்தம் செய்யும் வழக்கப்படி கொதிநீரில் போட்டு, ஊசியால் உள்ளிருந்ததை இழுத்தேன். செத்திருந்தால் அழுகியோ சருகாகக் காய்ந்தோ வந்திருக்கும். நாற்றமில்லாமல், கொழுகொழுவென்று முழு உடம்பு வந்தது. கொதிநீரில் விழும்வரை அது உயிரோடு இருந்திருக்கிறது.

பள்ளி விழாவுக்கு வந்த எஸ்தர் அலமாரிமுன் நின்றாள். "எவ்ளோ அழகா வச்சிருக்கீங்க சார்! அவரு பாத்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று கைகூப்பினாள். நானும் கைகூப்பினேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று வெகுகாலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். தெரிந்துகொள்ள ஒருநாள் பொறுக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். எஸ்தரும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு இனி ஆளில்லை.