கோமதி ஆய்ந்த முருங்கைக்கீரை

கொச்சங்காடி பாலர் பள்ளியில் நான் சமையலுக்குச் சேர்ந்தது 1950களின் கடைசியில். பிள்ளைகளின் அம்மாக்கள் பக்கத்துக் கிடங்குகளில் மிளகிலும் சுக்கிலும் கல், கழிவு பொறுக்குகிறவர்கள். காலையில் விட்டால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்து கூட்டிப்போவார்கள்.

முதல் வாரமே அவர்களில் ஒருத்தியான ராஜம் தன் நாலு வயது மகள் கோமதியோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"பொழுது சாஞ்சு சந்தி ஆச்சுன்னா இவளுக்குக் கண்ணு தெரியலக்கா. சுவரத் தடவித்தான் நடக்கறா. கீரை, பூசணி தின்னலேன்னா கண்ணே போயிடும்னு டாக்டர் சொல்றார். வீட்டுல வாயே திறக்க மாட்டேங்கறா."

என் கையால் சாப்பிடாத பிள்ளை உண்டா என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

1. ஒளித்துப் பார்த்தது

முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து பருப்பில் கலந்து வைத்தேன். கோமதி சோற்றைத் தட்டில் பரப்பி, ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி ஓரத்தில் குவித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. மற்றப் பிள்ளைகளும் அப்படியே. மிளகில் கல் பொறுக்குகிறவர்கள் பெற்ற பிள்ளைகளிடமா என் கைவரிசை?

மறுநாள் கீரையை அரைத்துத் தோசைமாவில் கலந்தேன். கோமதி மோந்து பார்த்தாள்.

"இது பூசணம் புடிச்சது. அம்மா எறிஞ்சிடுவா."

2. முறத்தைக் கொடுத்தது

கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. பொறுக்குவதுதான் இஷ்டமென்றால் பொறுக்கட்டும் என்று முருங்கைக் கொத்துகளை முறத்தில் போட்டுப் பிள்ளைகள் நடுவில் வைத்தேன். காம்பும் பழுத்த இலையும் கழிவு, நல்ல இலை மட்டும் என் சட்டிக்கு வரவேண்டும் என்றேன். கோமதி அம்மாவைப் போலவே காலை நீட்டி உட்கார்ந்து ஆய்ந்தாள். அதைத் தேங்காய்ப்பூ போட்டு மலையாளத்துப் பொரியலான தோரன் வைத்தேன்.

தட்டில் வைத்ததும், கழிவு ஏதாவது இருக்கிறதா பார் என்றேன். குனிந்து பார்த்தாள்.

"இல்ல. எல்லாம் நல்லது. நான் பொறுக்கினது."

வாயில் போட்டுக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அதன்பிறகு பூசணிக்கு விதை எடுப்பதும் பயற்றங்காய் ஒடிப்பதும் அவர்கள் வேலையாயிற்று. அள்ளித் தின்றார்கள்.

3. மழைக்கால சாயங்காலம்

வழக்கமாகக் கோமதி, அம்மா வந்து கையைத் தொடும்வரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். சில வாரங்களுக்குப் பிறகு ஒருநாள், மழை இருட்டிக்கொண்டு வந்தது. ராஜம் கேட் பக்கம் வந்ததுமே கோமதி நிலையை விட்டு இறங்கி ஓடினாள். முற்றத்தில் முறத்தை எடுக்காமல் விட்டிருந்தேன். அந்த இருட்டிலும் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

ராஜம் மகளை அணைத்தபடி அந்த முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் நான் காயை ஒளித்துக் கொடுத்ததில்லை.